பழைய ஸ்கேல் ஒன்று இரண்டடிக்கு கால் இஞ்ச் தப்பாகக் காட்டுகிறது, தூக்கிப் போடலாமா?

சனிக்கிழமைத் தச்சன் (பம்மல்)

வணக்கம். போன வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். செடி வாங்கப் போனதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். பழைய மிக்சி, ரேடியோ, தாழ்ப்பாள் என்று குவித்து வைத்திருந்த ஒருவரின் தார்ப்பாய் ஓரத்தில் ஒரு கோணிப்பை கிடந்தது. கிண்டிப் பக்கம் மூடின ஒரு பட்டறையில் மொத்தமாக எடுத்த சாமான் என்றார். 1,500 சொன்னார், 1,100க்கு முடித்தேன்.

உள்ளே ஓர் இரும்பு இழைப்புளி, ஒன்பதரை இஞ்ச் நீளம், மேல் தகட்டில் ‘ரெக்கார்ட்’ என்று எழுத்து. மூன்று உளிகள். ஒன்று சாதாரண முக்கால் இஞ்ச் உளி. இன்னொன்று என்னவென்றே புரியவில்லை: அலகு மட்டும் ஒன்பது இஞ்ச், அவ்வளவு மெல்லிசு, கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் வளைந்துவிடும் போல இருக்கிறது. மூன்றாவது குடைவுளி, அலகு குழிவாக வளைந்திருக்கும். ஆனால் சாணைச் சரிவு உள்பக்கம் இருக்கிறது, யாரோ தெரியாதவர்கள் திருப்பிச் சாணை பிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மூன்று பிடியிலும் ஒரே மாதிரி இரண்டு எழுத்து செதுக்கியிருக்கிறது.

அப்புறம் இந்த ஸ்கேல். இரண்டடி, இரும்பு, நல்ல கனம். காசு வாங்கின பிறகு அவராகவே, “இதையும் எடுத்துக்கோங்க சார், தப்பு ஸ்கேல், யாரும் வாங்க மாட்டேங்கறாங்க” என்று பைக்குள் போட்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலறை செல்ஃபுக்கு நாலடிப் பலகை மூன்று அறுத்தேன். மூன்றும் அரை இஞ்ச் நீளம்! சுவரை அளந்ததில் தப்பு என்று அரை மணி நேரம் சுவரோடு சண்டை போட்டேன். பிறகுதான் புது ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சைபர் சைபரோடு சரியாக நிற்கிறது. 24 வரும் இடத்தில் பழையது கால் இஞ்ச் தாண்டிப் போகிறது.

கேள்வி இரண்டு. எங்கள் தெருமுனையில் பாத்திரத்துக்கு பாலிஷ் போடுகிறவர், பஃபிங் மெஷினில் எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன், 200 ரூபாய் போதும் என்கிறார். கொடுக்கலாமா? இந்த ஸ்கேலை என்ன செய்வது? அதில் துருவுக்கு நடுவே ‘ட்ராக்ஷன்’ என்று ஆங்கிலத்தில் தெரிகிறது. ரயில்வே சாமானோ?

மரத்தூள் (தாம்பரம்)

பஃபிங்குக்குக் கொடுக்காதீர்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். பளபளப்பு வரும், கூர்முனையும் நேர் விளிம்பும் போய்விடும். உளியின் முதுகு கண்ணாடித் தட்டு மாதிரி சமமாக இருந்தால்தான் உளி. துணிச்சக்கரம் அந்த ஓரத்தை உருட்டிவிடும். பிறகு அதைச் சமமாக்க ஒரு மாதம் தேய்க்க வேண்டும்.

சாணைக் கல் மெஷின் பக்கமும் இப்போதைக்குப் போக வேண்டாம். என் அப்பாவின் அரை இஞ்ச் உளியை நான் அப்படித்தான் கெடுத்தேன். முனை மேல் நீலம் ஓடியது, அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் வந்தால் சூடு 300 டிகிரி பக்கம் போய்விட்டது, அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த உளி இப்போது வேப்பமரத்தில் நாலு தட்டுக்கே மழுங்குகிறது.

துருவுக்கு: உளிகளின் இரும்புப் பகுதி மட்டும் முங்கும்படி வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி. பிடி நனையக் கூடாது. புளிக்கரைசலும் வேலை செய்யும், என் பாட்டி அரிவாள்மனையை அதில்தான் தேய்ப்பார், நேரம் கொஞ்சம் கூட ஆகும். காலையில் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காட்டி எண்ணெய் பூசுங்கள். ‘உடனே’ என்றால் உடனே. காபி குடித்துவிட்டு வந்தால் அதற்குள் மஞ்சள் துரு பூத்திருக்கும்.

இழைப்புளியை வினிகரில் போடாதீர்கள். அது வார்ப்பிரும்பு, கறுத்துவிடும். கழற்றி, மண்ணெண்ணெயும் ஸ்டீல் வூலும் போதும். முதலில் அடிப்பக்கம் வாய் இருக்கிற இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கீழே விழுந்த வார்ப்பிரும்பு அங்கேதான் விடும். விரிசல் இல்லையென்றால் உங்கள் 1,100 அங்கேயே திரும்பி வந்துவிட்டது. கழற்றின திருகுகளை ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள். அந்தத் திருகுமரை நம் ஹார்ட்வேர் கடையில் கிடைக்காது. நான் ஒன்றைத் தொலைத்துவிட்டுப் பாரிமுனை முழுக்க அலைந்திருக்கிறேன்.

எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பசை மாதிரி ஒட்டும். இன்னொன்று, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பீர்கள் அல்லவா, மறுநாளே துடைத்துவிடுங்கள். என் மூலைமட்டத்தில் மூன்று வருடத்துப் பொட்டு மூன்று கறுப்பு வட்டமாக அப்படியே இருக்கிறது, சாமி குத்தம் இல்லை, ஈரம்.

ஸ்கேல் பற்றித் தெரியவில்லை.

கறார்

பழைய இரும்புக்கு 1,100, வினிகர், ஸ்டீல் வூல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதற்குப் புது இழைப்புளி ஒன்று வாங்கி அன்றைக்கே வேலையை முடித்திருக்கலாம். ஸ்கேலை பெயின்ட் கலக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மரவார்ப்பு (கோவை)

தம்பி, பெயின்ட் கலக்கிவிடாதீர்கள்! அவசரமாக இதை எழுதுகிறேன். அந்த ஸ்கேல் தப்பு ஸ்கேல் இல்லை. ‘ட்ராக்ஷன்’ என்பதற்கு முன்னால் துரு மூடியிருக்கிற எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். ‘கான்ட்ராக்ஷன்’ என்று இருக்கும். சுருக்கம்.

நான் முப்பத்தோரு வருடம் இங்கே ஃபவுண்டரிகளில் பேட்டர்ன் செய்தவன். பம்ப் பாடி, வால்வு, புல்லி எது வார்ப்பதென்றாலும் முதலில் மரத்தில் அதே உருவம் செய்து, அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். ஊற்றும்போது குழி நிறைய இருக்கும். ஆறினால் சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்கு ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, சுருங்கும். அதனால் மர உருவத்தை அடிக்கு ஒரு நூல் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் தலை சுற்றும். அதற்காக ஸ்கேலையே நீட்டி அடித்துவிட்டார்கள். உங்களுடையது இரண்டடிக்கு இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச். கணக்கு சரியாக வருகிறதா? பிழையான ஸ்கேல் என்றால் ஏதாவது ஓர் இடத்தில் இடறும். இதில் பாருங்கள், ஒவ்வொரு இஞ்சும் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

அலுமினியத்துக்கு ஒன்றேகால் நூல், பித்தளைக்கு ஒன்றரை, எஃகு வார்ப்புக்கு இரண்டு. எங்கள் மேஸ்திரியிடம் நாலு ஸ்கேல் இருந்தது. மரத்தில் செய்து, அதை அலுமினியத்தில் வார்த்து, அந்த அலுமினியத்தை வைத்து இரும்பு வார்ப்பதாக இருந்தால் இரண்டு சுருக்கத்தையும் சேர்த்து அடிக்கு இரண்டேகால் நூல் கூட்ட வேண்டும். புதுப் பையன்கள் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான்.

நான் மாட்டிக்கொண்டது அதைவிட எளிமையான இடத்தில். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். பதினெட்டு இஞ்ச் வட்டத் தட்டு ஒன்றுக்குப் பேட்டர்ன். மேசையில் கிடந்த சாதா ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டேன். மரம் இழைத்து, ஒட்டி, வார்னிஷ் அடித்து, எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். பதினோரு உருப்படி வார்த்து வந்தது. எல்லாம் ஒன்றரை நூல் குறைச்சல், கடைசல் பிடிக்க இரும்பே இல்லை. பதினொன்றும் திரும்ப உலைக்குப் போனது. மேஸ்திரி திட்டவில்லை. கோயில் கயிறு ஒன்றை எடுத்துச் சுருக்க ஸ்கேலின் ஓட்டையில் கட்டிவிட்டு, “சிவப்புக் கயிறு இருந்தா மரத்துக்கு, இல்லாட்டி இரும்புக்கு” என்றார். அவ்வளவுதான். உங்கள் ஸ்கேலிலும் ஓட்டை இருந்தால் ஒரு கயிறு கட்டுங்கள், அடுத்த செல்ஃபாவது பிழைக்கும்.

மற்றதையும் சொல்கிறேன். உங்கள் பைக்குள் இருந்தது ஒரே ஆளுடைய பெட்டி, அவர் பேட்டர்ன்காரர். அந்த நீள உளி அடிக்கிற உளி இல்லை, தள்ளுகிற உளி. பிடியை உள்ளங்கையில் வைத்துத் தோளால் அழுத்திக் காகிதம் மாதிரிச் சீவ வேண்டும், கொட்டாப்புளி பக்கமே காட்டக் கூடாது. குடைவுளியை யாரும் திருப்பிச் சாணை பிடிக்கவில்லை. சரிவு உள்பக்கம் இருந்தால்தான் அதன் வெளி வளைவு மரத்தோடு ஒட்டி நேராக இறங்கும். குழாயின் உள்துளைக்காக அச்சுக்குள் ஒரு மண் உருவம் வைப்பார்கள், அதைச் செய்கிற மரப்பெட்டியின் அரைவட்டக் குழி இந்த உளியில்தான் வரும். அதைத் தீட்ட, ஒரு பென்சிலில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி உள்ளே தேயுங்கள். வெளிப்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள்.

ஸ்கேலுக்கு வினிகர் வேண்டாம், கோடு மங்கிவிடும். மண்ணெண்ணெயில் ஊற வைத்து நைசான ஸ்டீல் வூலால் நீளவாக்கில் தேயுங்கள். சுத்தமானதும் சாக்பீஸை மேலே தேய்த்துத் துடைத்தால் எழுத்து வெள்ளையாக எழும்பும்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து சதவீதத்தைக் கூட்டிவிடுகிறார்கள், மெஷின் வெட்டிக்கொள்கிறது. என் ஸ்கேல்கள் நாலில் மூன்றை நானே எடைக்குப் போட்டேன். கிலோ என்ன விலை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கறார்

சரி, பெயின்ட் கலக்க வேண்டாம். 500 தருகிறேன், கொடுப்பீர்களா?

சனிக்கிழமைத் தச்சன் (பம்மல்)

கறார் சார், மன்னிக்கவும், விற்பதாக இல்லை.

கோவை ஐயாவுக்கு நன்றி. நேற்று ராத்திரி மண்ணெண்ணெயில் போட்டு வைத்தேன், இன்று காலை தேய்த்தேன். முதலில் ‘ன்’ வந்தது, அப்புறம் ‘கா’. பக்கத்திலேயே எட்டில் ஒன்று என்று பின்னமும் இருக்கிறது, ஒரு நூலேதான். ஓரத்தில் ‘ரேபோன்’ என்று ஒரு பெயர். மறு முனையில் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைச் சுற்றித் துரு இல்லை, உள்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ரொம்ப வருடம் ஏதோ ஒன்று கட்டியிருந்திருக்கிறார்கள்.

மரத்தூள் சொன்னபடி இழைப்புளி வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், விரிசல் இல்லை. தகடு இன்னும் தீட்டவில்லை. பலகை மூன்றையும் அரை இஞ்ச் குறைத்து மாட்டியாகிவிட்டது. செடி எங்கே என்று வீட்டில் இன்று கேட்டுவிட்டார்கள்.