தோள் போன பிட்ச்சர் கோச் ஆகலாமா? எங்கிருந்து தொடங்குவது?

நந்தனம் கேலரி:
எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி பேஸ்பால் அணியில் பிட்ச்சராக (பந்து எறிபவராக) இருந்த தம்பி ஒருவர், வயது 22. தோள்மூட்டைப் பிடித்திருக்கும் ரோட்டேட்டர் கஃப் தசைநார் கிழிந்துவிட்டது. எறிவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கோச் ஆகிறேன் என்கிறார். அமெரிக்காவில் தொழில்முறைப் பிட்ச்சர்கள் எப்படி அந்தப் பக்கம் போனார்கள்? சென்னையில், பிட்ச்சிங் மேடே (பிட்ச்சர் நின்று எறிகிற மண்மேடு) இல்லாத மைதானத்தில், இவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? கையில் இருப்பது 15, 16 வயதில் 9 பிள்ளைகள். அதில் 4 பேர் கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிறவர்கள், அவர்களையே பிட்ச்சராக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

பழைய புல்பென்:
இதே காயத்தோடு ஆட்டம் முடிந்து, அதற்குப் பிறகு பெரிய கோச் ஆனவர் மெல் ஸ்டாட்டில்மயர். 1964ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்த கையோடு அந்த வருட வேர்ல்டு சீரிஸில் (சாம்பியன் பட்டத்துக்கான தொடர்) 3 ஆட்டங்களில் முதல் பிட்ச்சராக இறங்கியவர். மொத்தம் 164 வெற்றி. 1974ல் ரோட்டேட்டர் கஃப் போனது, கதை முடிந்தது. உடனே யாரும் அவரைப் பெரிய அணியில் உட்காரவைக்கவில்லை. சியாட்டில் மரினர்ஸின் கீழ்நிலை அணிகளைச் சுற்றிச் சுற்றிப் பையன்களைப் பார்க்கிற வேலையில் சில வருடங்கள் இருந்தார். 1984ல்தான் மெட்ஸ் அணியின் பிட்ச்சிங் கோச். மறு வருடம் ட்வைட் குடன் 24 வெற்றி 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்) 1.53. பிறகு 1996 முதல் 2005 வரை யாங்கீஸ், அதில் 4 பட்டம். அந்த இடைப்பட்ட ஊர்சுற்றல்தான் உங்கள் தம்பிக்குப் பாடம். நூறு விதமான கைகளைப் பார்க்காமல் கண் பழகாது.

இன்னொருவர் ஜானி செயின். நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச லீக்) முதன்முதலில் எதிர்கொண்ட பிட்ச்சர் அவர்தான், 1947. கோச்சான பிறகு 1966ல் மினசோட்டாவில் ஜிம் காட் 25 வெற்றி, 1968ல் டெட்ராய்டில் டென்னி மெக்லெய்ன் 31 வெற்றி. பிட்ச்சர்களை ஓடவிட்டுக் களைப்பாக்குவது அவருக்கு ஆகாது. ஓடிப்போயா பந்தை பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டில் கொடுக்கப் போகிறோம் என்கிற கட்சி. மேனேஜர்களோடு ஒத்துப்போகாமல் அணி அணியாக மாறியதற்கு அவருடைய இந்த மாதிரி பிடிவாதங்களும் காரணம்.

அவர் கையில் எப்போதும் ஒரு சாமான் இருக்கும்: கம்பியில் கோத்த பந்து. இதை இங்கேயே செய்யலாம். தையல் தேய்ந்த பழைய பந்தில் நடுவாக 6 மி.மீ. துளை போட்டு, அதைவிடச் சற்று மெல்லிய கம்பியைச் செருகி, பந்து தாராளமாகச் சுழலும்படி விட்டு, கம்பியின் ஒரு முனையில் மரப்பிடி. கம்பியைப் படுக்கவைத்துப் பந்தைச் சுண்டினால் ஃபாஸ்ட்பாலின் பின்சுழற்சி கண்ணுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் சுண்டினால் கர்வ்பால் (வளைந்து கீழே விழும் பந்து). கம்பியைச் சாய்த்தால் சாய்ந்த சுழற்சி. தோளை உயர்த்தவே வேண்டாம் என்பதால் தம்பிக்கு ரொம்பப் பொருத்தம்.

மூன்றாம்கரை:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். பெரிய பிட்ச்சராக இருந்தால்தான் கோச் ஆகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்லாண்டாவில் மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ் என்ற மூன்று பெரிய பிட்ச்சர்களுக்கும் கோச்சாக இருந்த லியோ மசோனி மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. டெட்ராய்டின் கிறிஸ் ஃபெட்டர் சான் டியேகோவின் மைனர் லீக் (கீழ்நிலை) அணிகளோடு நின்றவர். அப்புறம் வீரர்களை நோட்டமிடும் ஸ்கவுட், அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகக் கோச், 2020 கடைசியில் டெட்ராய்டின் டைகர்ஸ் அணி. இன்றைக்கு சுழற்சி எண்ணையும் ஸ்லோமோஷன் வீடியோவையும் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை.

இங்கே பள்ளியில் வேலை என்றால் அதெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை, பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) கேட்பார்கள். டிகிரிக்குப் பிறகு 2 வருடம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920ல் தொடங்கியது, தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கோச்சிங் ஆசை இருக்கட்டும், முதலில் அந்தப் பட்டம்.

ரசமட்டம்:
மேடு பற்றி நான் சொல்றேன். முழு மேடு 18 அடி விட்டம், அதுக்குப் போகாதீங்க, மைதானத்துக்காரங்க விடமாட்டாங்க. ஓரமா ஒரு பயிற்சி மேடு போதும். அகலம் 5 அடி. மேல்தளம் 34 இன்ச் நீளம், உயரம் 10 இன்ச். ரப்பர் (பிட்ச்சர் காலை வெச்சு எறியற பட்டை) 24க்கு 6 இன்ச். மேல்தளத்துல ரப்பருக்கு முன்னாடி 6 இன்ச் சமதளம், பின்னாடி 22 இன்ச். அந்த 6 இன்ச் முடியற இடத்துலேருந்து அடிக்கு 1 இன்ச்னு இறங்கணும், 10 அடியில தரையைத் தொடும். நூல் கட்டி ரசமட்டம் வெச்சு ஒவ்வொரு அடிக்கும் 9, 8, 7னு அளந்து பாருங்க. கண்ணால பாத்து "சரியா இருக்கு"ன்னு சொல்ற கொத்தனாரை நம்பாதீங்க. ரப்பரோட முன்விளிம்புலேருந்து ஹோம் பிளேட்டோட பின்முனை வரைக்கும் 60 அடி 6 இன்ச்.

மண்ணு: கணக்குப்படி 33 கன அடி வரும். இடிச்சா அமுங்கும், அதனால அரை யூனிட் (50 கன அடி) இறக்கிடுங்க. சவுடும் களிமண்ணும் கலந்து, ஒரு தடவைக்கு 1 இன்ச்தான் பரப்பணும். லேசா தண்ணி தெளிச்சு, திமிசு போட்டு இடிச்சு, மறுபடி 1 இன்ச். ஒரேயடியா கொட்டி மேல மட்டும் இடிச்சா ஒரு வாரத்துல உள்ள பொக்கையாயிடும்.

எல்லாரும் கோட்டை விடறது ஒரே இடம்தான், முன்கால் இறங்கற இடம். வெறும் சவுடா இருந்தா 20 பந்துல 2 இன்ச் பள்ளம் விழும். அடுத்த பையன் அந்தப் பள்ளத்தைத் தவிர்க்க காலைக் குறுக்கா வைப்பான், இல்லன்னா எட்டு வைக்கறதைக் குறைப்பான், பந்து மேல போகும். கோச் கையைத் திருத்திக்கிட்டு இருப்பாரு, கோளாறு மண்ணுல இருக்கும். அதனால ரப்பருக்கு முன்னாடியும் கால் இறங்கற இடத்துலயும் சுடாத பச்சைச் செங்கல் பதிங்க. திருவள்ளூர் பக்கம் சூளையில கேட்டா கிடைக்கும். ஈரத்தோட நெருக்கமா அடுக்கி, இடிச்சு, மேல அரை இன்ச் மண். பயிற்சி முடிஞ்சதும் பள்ளத்துல இருக்கற உதிரி மண்ணைக் கூட்டித் தள்ளிட்டு, பள்ளத்தை நனைச்சு, புதுக் களிமண் வெச்சு இடிக்கணும். உதிரியையே திருப்பித் தள்ளினா ஒட்டாது. வெயில்காலத்துல ஈரக் கோணி போட்டு மூடலன்னா வெடிச்சிடும், ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் இல்லன்னா சேறு.

ரப்பர் வாங்க வழியில்லன்னா மரக்கட்டை மேல பழைய கன்வேயர் பெல்ட் துண்டு அடிக்கலாம். ஆணித்தலை உள்ள இறங்கணும், ஸ்பைக்ஸ் மாட்டினா முட்டி போயிடும்.

பழைய புல்பென்:
கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிற அந்த 4 பேர் விஷயத்தை யாரும் தொடவில்லையே. கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் மடங்கி நிமிர்ந்தால் அது எறி. பேஸ்பாலில் அந்த எறிதான் தொழிலே. வருடக்கணக்காகக் கையை நீட்டிப் போட்டுப் பழகியவன், மேட்டில் நின்றதும் தோளை மட்டும் சுழற்றுவான். ஓடிவந்து பெற்ற வேகமும் இல்லை. பிட்ச்சருக்கு இருப்பது ஒரே ஒரு எட்டு, ஏறக்குறைய அவன் உயர அளவு. பௌண்டரியிலிருந்து கீப்பர் கைக்குத் தட்டையாக எறிகிற பையன் யார் என்று தேடச் சொல்லுங்கள், அவன்தான் ஆள். நம் நாட்டு ரிங்கு சிங் (கிரிக்கெட் வீரர் இல்லை, வேறொருவர்), தினேஷ் படேல் இருவரும் 2008ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் ஒப்பந்தமானபோது அவர்கள் ஈட்டி எறிந்து வந்தவர்கள். பயிற்சி கொடுத்த டாம் ஹவுஸும் பழைய பிட்ச்சர்தான். ஹாங்க் ஆரனின் சாதனையான 715ஆவது ஹோம் ரன் பந்தை புல்பென்னில் (பிட்ச்சர்கள் தயாராகும் இடம்) நின்று பிடித்தவர்!

நந்தனம் கேலரி:
ரொம்ப நன்றி. அரை யூனிட் கணக்கை அப்படியே அனுப்பிவிட்டேன். ஒன்று மட்டும். போட்டி என்றால் 3 நாளில் 4 ஆட்டம் வைக்கிறார்கள். நன்றாக எறிகிற பையன் ஒருவனையே எல்லா ஆட்டத்துக்கும் போடச் சொல்லி அழுத்தம் வருகிறதாம். எத்தனை பந்து வரை பாதுகாப்பு?

மூன்றாம்கரை:
மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட வரம்பு இருக்கிறது. 15, 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 30 வரை எறிந்தால் ஓய்வு வேண்டாம். 31 முதல் 45 வரை 1 நாள், 60 வரை 2 நாள், 75 வரை 3 நாள், அதற்கு மேல் 4 நாள். பிட்ச் பண்ணிய அன்றே அவனைக் கேட்சராக (ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) உட்காரவைக்கக் கூடாது, அதுவும் எறிதல்தான். உங்கள் 3 நாள் போட்டிக்கு இதன் அர்த்தம்: முதல் நாள் 45 தாண்டியவன் அந்தப் போட்டியில் அப்புறம் பிட்ச் பண்ணவே முடியாது. ஆகவே குறைந்தது 4 பிட்ச்சர்களைத் தயார் பண்ண வேண்டும், 1 நட்சத்திரத்தை அல்ல. இதில் மட்டும் சமரசம் வேண்டாம். முழங்கை உள்பக்கத் தசைநார் கிழிந்தால் டாமி ஜான் அறுவைதான். 1974ல் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது. இன்றும் மேட்டுக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகிறது.

எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. நம் ஊர் மே மாத வெயிலில் 50 பந்திலேயே சில பையன்கள் ஓய்ந்துவிடுவார்கள். தம்பியை ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள்: பந்து எண், என்ன பந்து, கேட்சர் எங்கே கையை வைத்தார், எங்கே போனது. தொடர்ந்து 3 பந்து கேட்சர் காட்டிய இடத்துக்கு மேலே போனால் கை களைத்துவிட்டது என்று கொள்ளலாம். போனில் நொடிக்கு 240 ஃபிரேம் வைத்து, வலக்கைக்காரன் என்றால் மூன்றாம் பேஸ் பக்கமிருந்து, இடுப்பு உயரத்தில் எடுக்கட்டும். முன்கால் தரையைத் தொடுகிற அந்த ஒரு ஃபிரேமில் பந்து இருக்கும் கை முழங்கைக்கு மேலே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னும் கீழேயே இருந்தால் கை தாமதம், சுமை முழுக்க முழங்கையில் விழும். முதல் இன்னிங்ஸில் மேலே இருந்த கை நாலாவது இன்னிங்ஸில் கீழே வந்தால், ஸ்கோர் எதுவாக இருந்தாலும் ஆளை மாற்றிவிடணும்.

ரசமட்டம்:
வேர்வைக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். குங்கிலியத்தைப் பொடி பண்ணித் துணிமூட்டையா கட்டி மேட்டுக்குப் பின்னாடி போட்டு வைங்க. உள்ளங்கையில தட்டிக்கணும், பந்துல தடவக் கூடாது. காலையில 6 மணிக்கே காத்துல இருக்கற ஈரம் பந்துல ஏறிடும், 6 பந்தாவது மாத்தி மாத்திப் போடணும்.