பிளவுண்டருக்கு கரையில இருந்து சர்க்கிள் ஹுக் சரிப்படுமா?

ஷீர்னெஸ்_கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல கென்ட்ல ஷீர்னெஸ் பக்கமும் மெட்வே ஆத்து முகத்துவாரத்துலயும் கரையில நின்னு தூண்டில் போடுறேன், குளிர் ஆரம்பிச்சா பிளவுண்டர்ங்கிற தட்டை மீன் தான் அதிகம். பிரச்னை என்னன்னா மீன் தூண்டில் முள்ளை தொண்டை வரைக்கும் முழுங்கிடுது, கையளவு குட்டி கூட அப்படித்தான், அதை எடுக்குறதுக்குள்ள செவுள்ல ரத்தம் வந்துடுது, திரும்ப விட்டாலும் பிழைக்குமான்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. இப்ப போடுறது சைஸ் 2 அபெர்டீன் லாங் ஷாங்க் (நீளத் தண்டு முள்), ரெண்டு முள் ஃப்ளாப்பர் ரிக் (மெயின் லைன்ல இருந்து முள் கிளையா தொங்குற அமைப்பு), மண்ணுல பிடிச்சு நிக்கிற 5 அவுன்ஸ் கம்பி ஈயம், இரை ராக்வோர்ம் இல்லன்னா லக்வோர்ம், ரெண்டும் கடல் புழு. நுனி உள்பக்கமா வட்டமா வளைஞ்ச சர்க்கிள் ஹுக் போட்டா வாய் ஓரத்துல தான் மாட்டும்னு சொல்றாங்க, ஆனா அது பாஸ் மாதிரி இரையை கவ்விட்டு ஓடுற மீனுக்கு தானே, பிளவுண்டர் அங்கயே படுத்து மென்னுக்கிட்டு இருக்குமே? போட்டு பாத்தவங்க யாராவது இருக்கீங்களா, என்ன சைஸ் வாங்கலாம்?

தங்கூசி:
வேலை செய்யும் தம்பி. நான் எசெக்ஸ் பக்கம் கன காலமா பிளவுண்டருக்கு அதுதான் போடுறன். தட்டை மீனுக்குச் சரிவராது எண்டு நிறையப் பேர் சொல்லுவினம், ஆனா அலாஸ்கா, கனடாப் பக்கம் ஹாலிபட்டுக்கு லோங்லைன் (நிறைய முள் கட்டின நீளக் கயிறு) போடுறவை 1980களில சாதாரண ஜே வடிவ முள்ளை விட்டுட்டு சர்க்கிளுக்கு மாறினவை, மீன் கூடப் பட்டதாலதான் மாறினவை. ஹாலிபட்டும் தட்டை மீன் தானே. வித்தியாசம் என்னெண்டா அதுக்கு வாய் பெரிசு, பிளவுண்டருக்குச் சின்னன், ஒரு பக்கம் கோணினது வேற.

முள் எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கினா மிச்சம் எல்லாம் சுகம். நுனி தண்டுப் பக்கமா உள்ளுக்குத் திரும்பி இருக்கிறதால தொண்டைக்குள்ள போனாலும் லேசில குத்தாது, லைன் மெதுவா இறுகேக்க வழுக்கி வெளிய வந்து வாய் மூலையில திரும்பி ஏறும். அந்த மெதுவான இழுவை வேணும், அவ்வளவுதான். மீன் ஓடி இழுத்தாலும் சரி நீங்கள் ரீலைச் சுத்தி இழுத்தாலும் சரி முள்ளுக்கு ரெண்டும் ஒண்டு. அதால ராட் நுனி ஆடினதும் சுண்டி இழுக்காதேங்கோ, இழுத்தா முள் வெறுமனே வாயால வந்திடும். கொஞ்சம் லைன் தளர விட்டு, பிறகு ஒரே சீரா சுத்துங்கோ, பாரம் தெரிஞ்சாப் பிறகும் அதே வேகம்.

இன்னொண்டு, இதிலதான் கனபேர் கோட்டை விடுகினம். புழுவை முள் முழுக்கத் திணிச்சா நுனிக்கும் தண்டுக்கும் இடையில இருக்கிற வாய் அடைபட்டுப் போகும், பிறகு அது எதிலயும் ஏறாது. ஒரு சின்ன ராக்வோர்மைத் தலைப்பக்கம் மட்டும் கோத்து மிச்சத்தைத் தொங்க விடுங்கோ. மெல்லிய கம்பி முள், சைஸ் 1 அல்லது 2. சர்க்கிள் நம்பர் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், நம்பரை நம்பாமல் முள்ளைக் கையில வச்சுப் பாத்து வாங்குங்கோ.

கூழாங்கல்_டோர்செட்:
நான் இதுல கொஞ்சம் மாறுபடுறேன். பிளவுண்டருக்கு ஓகே, ஆனா பிளேஸ்ங்கிற இன்னொரு தட்டை மீனுக்கு நான் போட மாட்டேன். வசந்த காலத்துல செசில் பீச்ல பிளேஸுக்கு லக்வோர்ம் முழுசா கோத்து நுனியில ஸ்க்விட் கீத்து ஒண்ணு வச்சு மேல கலர் மணி போடுவோம், அந்த நீள இரைக்கு லாங் ஷாங்க் தான் தோது, சர்க்கிளோட குட்டை தண்டுல லக்வோர்ம் நிக்கவே நிக்காது, வீசும்போதே பிஞ்சு போயிடும். எலாஸ்டிக் நூல் சுத்தலாம், ஆனா சுத்த சுத்த முள்ளோட வாய் அடையும், தங்கூசி அண்ணன் சொன்ன அதே பிரச்னை. அப்புறம் லாங் ஷாங்க்ல இன்னொரு நல்லது, ஆழமா முழுங்கினாலும் தண்டு வெளிய நீட்டிட்டு இருக்கும், பிடிச்சு திருப்பி எடுத்துடலாம்.

என்னை கேட்டா முழுங்குறதுக்கு பெரிய காரணம் நேரம் தான். ராடை ஸ்டாண்ட்ல வச்சுட்டு அரை மணி நேரம் டீ குடிச்சா எந்த முள்ளா இருந்தாலும் உள்ள போயிடும். ராட் பக்கத்துலயே நில்லுங்க, ஸ்னூட் (முள்ளு கட்டுற கிளை லைன்) நீளத்தை குறைங்க, நீளமா இருந்தா மீனுக்கு லைன் இறுகுறதே தெரியாது, நிதானமா முழுங்கிடும். முள் நுனிக்கு பக்கத்துல பின்னோக்கி நீட்டிட்டு இருக்குற பார்பை ப்ளையரால நசுக்கிடுங்க, அதுக்கு காசு எதுவும் இல்ல.

ஷீர்னெஸ்_கரை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தங்கூசி அண்ணா, கடையில ஆஃப்செட், இன்லைன்னு ரெண்டு வகை சொல்றாங்க, எது எடுக்கணும்? கம்பி ஈயம் மண்ணுல பிடிச்சு நிக்கும்போது மெதுவா சுத்துறது எப்படி, அதை பிடுங்கவே ஒரு வெட்டு வெட்டணுமே?

தங்கூசி:
இன்லைன் எடுங்கோ. முள்ளை மேசையில படுக்க வச்சா தட்டையா இருக்கோணும். நுனி ஒரு பக்கம் விலகி நிண்டா அது ஆஃப்செட், விலகல் கூடக் கூட சர்க்கிளின்ர குணம் போயிடும், தொண்டையிலயும் குத்தும், பிறகு நீங்கள் மாறினதில பிரியோசனம் இல்லை. ஈயம் நல்ல கேள்வி. லைனை இறுக்கி வச்சுக்கொண்டு ராடைத் தோள் உயரத்துக்கு மெதுவா தூக்குங்கோ, கம்பி தானா மடங்கி விடும், அந்த இழுவையிலயே முள்ளும் ஏறும். நீரோட்டம் குறைஞ்ச முகத்துவாரத்தில கம்பி இல்லாத ஈயம் காணும், அது இன்னும் சுகம்.

கூழாங்கல் சொன்ன ஸ்னூட் விசயம் சரி, அதைச் செய்யுங்கோ. பிளேஸ் விசயத்திலயும் அவரோட சண்டை இல்லை, நான் புழுவை முழுசாக் கோக்கிற ஆள் இல்லை.

கூழாங்கல்_டோர்செட்:
ஒண்ணு சேத்துக்கிறேன். எந்த முள் போட்டாலும் ஒண்ணு ரெண்டு உள்ள போகத்தான் செய்யும். சைஸ் பத்தாத மீனா இருந்தா (பிளேஸுக்கு 27 செ.மீ.) தோண்டாதீங்க, வாய்க்கு பக்கத்துல லைனை வெட்டிட்டு விடுங்க, பிடுங்கி எடுத்த மீனை விட அது பிழைக்க வாய்ப்பு அதிகம். அதுக்காகவே ஸ்டெயின்லெஸ் முள் வாங்காதீங்க, சாதா வெண்கல நிற (bronzed) முள்ளுன்னா உப்புத் தண்ணில துருப்பிடிச்சு போயிடும். கையை நனைச்சுட்டு தூக்குங்க.

ஷீர்னெஸ்_கரை:
சரி, சனிக்கிழமை ஏத்தத் தண்ணிக்கு போறேன். மேல் முள் சர்க்கிள் இன்லைன் சைஸ் 2, கீழ் முள் பழைய அபெர்டீன், ரெண்டுலயும் ராக்வோர்ம். எது எங்க மாட்டுச்சுன்னு வந்து எழுதுறேன்.