புதுப்பிப்பு: பொன்னுக்கு வீங்கிக்குப் பின் மறுபரிசோதனை

பொன்னுக்கு வீங்கி வந்தபோது என் வலது விரை வீங்கியதையும், காய்ச்சல் தணிந்த சில வாரங்களில் எடுத்த பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைந்திருந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். மறுபரிசோதனை முடிவு வந்துவிட்டது: உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த கீழ்வரம்பான மில்லிலிட்டருக்கு 1.6 கோடியை எண்ணிக்கை தாண்டியிருக்கிறது. விந்தணுக்களின் அசைவுத்திறன் மட்டும் இன்னும் சற்றுக் குறைவு.

விரைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ந்த நிலையில் இயங்குபவை என்பதால், எந்த வைரஸ் தொற்றானாலும் கடுங்காய்ச்சலே விந்தணு உற்பத்தியைத் தற்காலிகமாகக் குலைக்கக்கூடும். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ 3 மாதம் ஆவதால், அவசரப்பட்டு எடுக்கும் பரிசோதனை பெரும்பாலும் காய்ச்சல் காலத்துப் பாதிப்பையே காட்டும். பொன்னுக்கு வீங்கி வைரஸோ, குறிப்பாகப் பருவமடைந்த ஆண்களில், விரைத் திசுவையே தாக்கவல்லது. தாக்கப்பட்ட விரை பின்னர் சுருங்கலாம் (எனக்கு ஸ்கேனில் சிறிது தெரிகிறது). ஆயினும் பெரும்பாலோருக்கு ஒரு பக்கமே பாதிக்கப்படுவதால் முழு மலட்டுத்தன்மை அரிது.

கொரோனாவோ அதன் தடுப்பூசியோ விந்தணுவைப் பாதிக்குமா என்று கேட்டவர்களுக்கு: அந்நோய் விந்தணு எண்ணிக்கையைச் சில மாதங்கள் குறைக்கலாம், தடுப்பூசி அவ்வாறு குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த அச்சத்தால் ஊசியைத் தவிர்ப்பது, என் பார்வையில், தலைகீழான கணக்கு.