எஸ்எஸ்எச் கீ போட்டும் பாஸ்வேர்டு கேட்கிறது, அவசரம்

தூங்காநகரம் (இரவு 11.42):
பாஸ்வேர்டு இல்லாமல் சர்வருக்குள் போக எஸ்எஸ்எச் கீ (சாவி மாதிரி ஒரு ஃபைல்) உருவாக்கி சர்வரில் சேர்த்துவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கிறது. ஃபைல் பெர்மிஷன் (யார் படிக்கலாம், எழுதலாம் என்பது) எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. காலையில் கைடு வருவதற்குள் ஜாப் (சர்வரில் ஓட்டும் கணக்கு) ஓடியாக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

வேப்பமரம்:
எந்த சர்வர்? எதிலிருந்து உள்ளே போகிறீர்கள், விண்டோஸா லினக்ஸா? கேட்பது சர்வர் பாஸ்வேர்டா, இல்லை கீ ஃபைலைத் திறக்க நீங்கள் வைத்த பாஸ்ஃப்ரேஸா?

பைட்_பாண்டி:
ஆர்எஸ்ஏ என்ற பழைய வகைக் கீயா? அப்படியென்றால் வேறு யோசனையே வேண்டாம் ப்ரோ. சர்வர்களில் ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, 2021இல் வந்தது. ஆர்எஸ்ஏ கீயின் பழைய ஷா-1 கையெழுத்து முறையை அதில் இயல்பாகவே நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றோம். ஈடி25519 என்ற புதிய வகைக்கு மாறுங்கள்.

பழைய_அட்மின்:
"பெர்மிஷன் எல்லாம் சரி" என்பவர்களை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். எஸ்எஸ்எச் கட்டளையில் மைனஸ் வி (நடப்பதை விவரமாகக் காட்டும்) போட்டு வருவதை இங்கே ஒட்டாமல் கேட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? மேனுவல் என்று ஒன்று இருக்கிறது, தம்பி.

தூங்காநகரம்:
மன்னிக்கவும். டிபார்ட்மென்ட் சர்வர், நாற்பது பேர் புழங்குவது, எனக்கு சூடோ (அட்மின் அதிகாரம்) இல்லை. விண்டோஸ், புட்டி என்ற எஸ்எஸ்எச் ப்ரோகிராம். கீ ஈடி25519தான், பாஸ்ஃப்ரேஸ் வைக்கவில்லை. "சர்வர் ரெஃப்யூஸ்டு அவர் கீ" (கீயை சர்வர் ஏற்கவில்லை) என்று ஒரு வரி வந்துவிட்டு அப்புறம் பாஸ்வேர்டு கேட்கிறது.

வேப்பமரம்:
இந்த வரியை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! புட்டிஜென்னில் (புட்டியோடு வரும் கீ உருவாக்கும் கருவி) "சேவ் பப்ளிக் கீ" அழுத்திய ஃபைலை அப்படியே ஏற்றினீர்களா? அது பல வரியாக, நான்கு கோடு போட்டுத் தொடங்கும். சர்வருக்குப் புரியாது. மேலே பெட்டியில் இருப்பதைக் காப்பி செய்து ஒரே வரியாக ஒட்ட வேண்டும்.

பைட்_பாண்டி:
புட்டி எந்த வெர்ஷன்? 0.68க்கு முன்னால் ஈடி25519 கிடையாது.

வேப்பமரம்:
பாண்டி, அவர் கீயே உருவாக்கிவிட்டார்.

பழைய_அட்மின்:
அது கிடக்கட்டும். பாஸ்ஃப்ரேஸ் இல்லாத கீயா? லேப்டாப் தொலைந்தால் சர்வர் சாவியையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று.

பைட்_பாண்டி:
சார், ராத்திரி தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்குப் பாஸ்ஃப்ரேஸை யார் எழுந்து அடிப்பது?

பழைய_அட்மின்:
இவர் கேட்டது ஸ்கிரிப்டா? பேஜன்டில் (கீயை நினைவில் வைத்துக்கொள்ளும் புட்டி கருவி) ஒருமுறை ஏற்றினால் நாள் முழுக்கக் கேட்காது. ஆனால் ஏஜன்ட் ஃபார்வர்டிங்கை (அந்தக் கீயை சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடுவது) மட்டும் போட்டுவிடாதீர்கள். பொது சர்வரில் ரூட் (முழு அட்மின் அதிகாரம்) வைத்திருப்பவர், நீங்கள் உள்ளே இருக்கும்வரை உங்கள் கீயைக் கொண்டு வேறு மெஷினுக்கும் போகலாம்.

பைட்_பாண்டி:
ரூட்டையே நம்பாதவர் அந்த சர்வரில் ஏன் வேலை செய்ய வேண்டும்?

தூங்காநகரம்:
ஒரே வரிதான், பார்த்துவிட்டேன். பெர்மிஷன்: டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, அதற்குள் கீ இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் 600, இரண்டும் எனக்கு மட்டும்.

வேப்பமரம்:
சரி, அதற்கு மேலே உங்கள் ஹோம் ஃபோல்டரின் பெர்மிஷன்? பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற செட்டிங் இயல்பாகவே ஆனில் இருக்கும். ஹோமில் குரூப்போ மற்றவர்களோ எழுத முடிந்தால் சர்வர் உங்கள் கீயைச் சீண்டவே சீண்டாது. எழுத முடிந்தவன் உங்கள் டாட் எஸ்எஸ்எச்சின் பெயரை மாற்றிவிட்டு, தன் கீயோடு புதிதாக ஒன்றை வைத்துவிடலாம் அல்லவா? காரணம் சர்வர் லாகில்தான் விழும், அதை ரூட்தான் படிக்க முடியும். "எல்எஸ் மைனஸ் எல்டி" அடித்து, ஒரு இடம் விட்டு ~ போடுங்கள். முதல் பத்து எழுத்து என்ன வருகிறது?

தூங்காநகரம்:
டி, அப்புறம் ஆர்டபிள்யூஎக்ஸ் மூன்று தடவை. போன வாரம் லேப்மேட் டேட்டா எடுக்க வேண்டும் என்றான், ஹோமுக்கு 777 (யாரும் எழுதலாம்) போட்டேன்.

பழைய_அட்மின்:
777! நாற்பது பேர் சர்வரில்! வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் பூட்டு சரியில்லை என்கிறார்.

வேப்பமரம்:
755 (எழுதுவது நீங்கள் மட்டும்) போட்டுவிட்டுப் பாருங்கள். லேப்மேட்டுக்குத் தனியாக ஒரு ஃபோல்டர் திறந்துகொடுங்கள்.

பைட்_பாண்டி:
எதற்கும் புட்டியை அப்டேட் செய்துவிடுங்கள்.

தூங்காநகரம் (காலை 9.15):
755, உள்ளே போய்விட்டேன். நன்றி அண்ணா. ஜாப் க்யூவில் 23ஆவதாக நிற்கிறது. கைடு வந்துவிட்டார்.