மொட்டை மாடிக்குப் போய் ஆட வேண்டிய கேம்பாய் கேம்

நின்டெண்டோவின் பழைய கையடக்க வீடியோ கேம் மெஷினான கேம்பாய் அட்வான்ஸ் கையில் கிடைத்ததும் நானும் மாரியோ, போக்கிமான் என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம்தான் கேசட்டுக்குள்ளேயே ஒரு கருவியைப் பொருத்தி வந்த கேம்களைத் தேடிப் போனேன். போனில் எமுலேட்டர் (பழைய மெஷினைப் போலவே நடித்து கேமை ஓட்டும் ஆப்) போட்டு ஆடினால் இவற்றின் பாதி ருசி போய்விடும்.

முதலில் போக்டாய். 2003-ல் கொனாமி வெளியிட்டது, தயாரிப்பு ஹிடியோ கோஜிமா. கேசட்டின் மேல் ஓரத்தில் வெளிச்சத்தை உணரும் சென்சார் இருக்கிறது. ஜாங்கோ என்ற பையனின் துப்பாக்கிக்கு வெயில்தான் தோட்டா. வீட்டு டியூப்லைட்டுக்கு நேராக நீட்டிப் பார்த்தேன், திரையின் அடியில் இருக்கும் வெயில் அளவு அசையவே இல்லை. மொட்டை மாடிக்குப் போனதும் விறுவிறுவென்று ஏறியது. முதல் மாடல் கேம்பாய் அட்வான்ஸில் திரைக்கு விளக்கு கிடையாது. ராத்திரியில் கண்ணைப் பிழியும் அதே திரை வெயிலில் பளிச்சென்று தெரிகிறது!

ரத்தக்காட்டேரியை வென்றால் மட்டும் போதாது. சவப்பெட்டியில் அடைத்து, சங்கிலி கட்டி, வெளியே இழுத்து வந்து, நிஜ வெயிலில் எரிக்க வேண்டும். நான் அதைச் செய்தது சாயங்காலம் நாலரை மணிக்கு. பாதியில் ஒரு மேகம் குறுக்கே வந்தது. வெயில் அளவு மளமளவென இறங்கியது, உள்ளே இருந்தவன் திமிற ஆரம்பித்தான். கேம்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் வெயில் இருந்த இடத்துக்கு ஓடினேன். வேறு எந்த கேமும் என்னை இப்படி வானத்தைப் பார்க்க வைத்ததில்லை.

அடுத்து ட்ரில் டோசர். போக்கிமான் செய்த கேம் ஃப்ரீக்கின் 2005 படைப்பு. ஜில் என்ற பெண் துளைபோடும் இயந்திரத்தில் ஏறி வருகிறாள். ஆர் பட்டனை அழுத்தினால் துளைக்கருவி ஒரு பக்கம் சுழலும், எல் என்றால் மறுபக்கம். கியர் ஏற ஏற கேசட் உள்ளங்கையில் அதிரும். நான் முதலில் வாங்கியது நகல் கேசட். கேம் ஓடியது, அதிர்வு இல்லை. இந்த கேமுக்கு அதிர்வுதான் உயிர். அசல் கேசட் மற்றவற்றை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், வாங்கும்போது அதைப் பாருங்கள்.

வாரியோவேர் ட்விஸ்டட் என்று ஒன்று, 2004-ல் வந்தது. முழு கேம்பாயையும் ஸ்டியரிங் போலத் திருப்பி ஆட வேண்டும். பஸ்ஸில் மட்டும் வேண்டாம், ஒவ்வொரு வளைவுக்கும் கேம் தானாகத் திரும்பிவிடுகிறது.