மலைப்பாதைச் சரக்கு வண்டிகளுக்கு எந்த ஜிபிஎஸ் கருவி பொருந்தும்?

மேட்டுப்பாளையத்தில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். மூன்று டாடா ஏஸ், ஒரு பொலேரோ பிக்கப். நள்ளிரவில் கோத்தகிரிக்கு ஏறி, விடியும் முன் கேரட்டும் பீன்ஸும் ஏற்றி இறங்க வேண்டும்.

இரண்டு மாதங்களுக்கு முன் நான்கிலும் 2ஜி சிம் கருவி பொருத்தினேன். குஞ்சப்பனை தாண்டியதும் வண்டி வரைபடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. முக்கால் மணி நேரம் கழித்து வேறிடத்தில் தோன்றுகிறது. இடையில் வந்த பாதை பதிவாவதே இல்லை. போன மழையில் ஒரு வண்டி பழுதாகி நின்றது, ஓட்டுநரின் கைப்பேசிக்கும் சிக்னல் இல்லை. அன்று பட்ட பதற்றம் இன்னும் போகவில்லை.

சிம் நிறுவனத்தை மாற்றிப் பார்த்தேன். கருவியை டேஷ்போர்டின் அடியிலிருந்து முன்கண்ணாடி அருகே நகர்த்தினேன். வண்டியின் பழுதறியும் சாக்கெட்டில் செருகும் ஓபிடி வகை ஒன்றையும் வாங்கினேன். பழைய ஏஸ் இரண்டிலும் அதைச் செருக இடமே இல்லை. காந்தத்தால் ஒட்டும் வகைக்கு அடிக்கடி சார்ஜ் போட ஆளில்லை.

சிக்னல் இல்லாதபோது சேமித்துவைத்துப் பின்னர் அனுப்பும் நினைவகமும் மாற்று பேட்டரியும் ஏஐஎஸ் 140 என்ற இந்திய வாகனக் கண்காணிப்புத் தரத்தில் வரும் கருவிகளில் உண்டு. மலைப்பாதையில் அதைப் பயன்படுத்துவோர் சொல்லுங்கள்: கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்கலாமா, சாதாரண 4ஜி கருவியே போதுமா?