பாரிஸுக்குப் போன பனிக்கட்டி: கலையா, டீசல் செலவா?

கரிசல்காட்டான்:
டென்மார்க்-ஐஸ்லாந்துக் கலைஞர் ஓலாஃபர் எலியாசனோட ‘ஐஸ் வாட்ச்’ மாதிரி பூமி மேல அக்கறை காட்டின கலை வேற இல்லைன்னு நேத்து ஒருத்தர் இங்க உருகித் தள்ளியிருந்தார். 2015 டிசம்பர், பாரிஸ்ல பருவநிலை மாநாடு. கிரீன்லாந்துலேர்ந்து 12 பெரிய பனிக்கட்டிகளை ஃப்ரீசர் கன்டெய்னர்ல கொண்டுவந்து பாந்தியோன் நினைவு மண்டபம் முன்னாடி கடிகார வட்டமா வச்சாங்க. அந்தக் கன்டெய்னர் என்ன, காத்துலயா ஓடுச்சு?

தூரிகை:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். கிரீன்லாந்துத் தலைநகர் நூக் பக்கத்துக் கடல்ல ஏற்கெனவே உடைஞ்சு மிதந்த கட்டிங்க அது, எப்படியும் உருகத்தான் போகுது. இதுல எலியாசனோட கூட்டாளி மினிக் ரோசிங், கிரீன்லாந்துல பிறந்த புவியியலாளர். அவருக்குத் தோணாதது உங்களுக்குத் தோணிருச்சு, பலே.

கரிசல்காட்டான்:
மிதந்துச்சா, வெட்டினாங்களான்னு யார் கேட்டா? நான் கேட்டது கன்டெய்னர்.

வழிப்போக்கன்:
சூழலியல் கலைன்னா எதுன்னு முதல்ல பேசிக்கலாமே?

தூரிகை:
கார்பன் கணக்கை அவங்களே வெளியிட்டாங்க சார். பாரிஸுக்குக் கொண்டுவந்து வச்சதுக்கு 30 டன் கரியமில வாயு. ஒளிச்சா வச்சாங்க? அந்தக் கட்டியில காதை வச்சா, பனிக்குள்ள காலங்காலமா அடைபட்டுக் கிடந்த காத்து படபடன்னு வெடிக்கிறது கேட்கும். ஜனங்க தொட்டுப் பார்த்தாங்க, கட்டிப்பிடிச்சாங்க. எந்த அறிக்கையைக் கட்டிப்பிடிப்பீங்க?

கரிசல்காட்டான்:
ஆக 30 டன். உங்க வாயாலயே வந்துருச்சு, சந்தோஷம். அதோட விட்டாங்களா? 2018-ல லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூட வாசல்ல 24 கட்டி, நிதித் தகவல் கம்பெனி புளூம்பெர்க் ஆபீஸ் வாசல்ல இன்னும் 6. மறுபடி கன்டெய்னர். செலவுக்குக் காசு குடுத்தது யார்னும் பாருங்க.

ஓவியன்_மகன்:
ரெண்டு பேரும் ஜெர்மன் கலைஞர் யோசெப் பாய்ஸ் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்க. 1982-ல ஜெர்மனி காசல் ஊர்ல 7000 மரம் நட ஆரம்பிச்சார், ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு பசால்ட் கல் (எரிமலைப் பாறை). அவர் செத்து அடுத்த வருஷம், 1987-லதான் கடைசி மரம் நட்டாங்க. இன்னிக்கும் நிழல் குடுக்குது. உருகி சாக்கடையில போகல.

தூரிகை:
அந்த 7000 கல்லும் நடந்தே வந்துச்சாக்கும்? அதுக்குக் காசு சேர்க்க அவர் ஜப்பான் விஸ்கி விளம்பரத்துல நடிச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க தம்பி.

ஓவியன்_மகன்:
விஸ்கிக் காசுல மரம் வளர்ந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்? தம்பின்னு கூப்பிடுற வேலையெல்லாம் வேணாம்.

கரிசல்காட்டான்:
கல்லுக்கு ஃப்ரீசர் வேணாம். பனிக்குத்தான் வேணும். கன்டெய்னருக்கு இன்னும் பதில் வரல.

தூரிகை:
கார்பன் கணக்குலயே சொல்லியாச்சு, மேல இருக்கு. போன மாசம் பிளாஸ்டிக் சிற்பத் திரியிலயும் இதே கூத்துதான். லாரி வாடகையிலேயே நின்னீங்க.

கரிசல்காட்டான்:
அந்தத் திரியில என் பதிவைத் தூக்கினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

மட்டுறுத்துநர்:
தூக்கினது நான். கெட்ட வார்த்தை இருந்துச்சு.

கரிசல்காட்டான்:
‘வெட்டிப்பயல்’ கெட்ட வார்த்தையா? தூரிகை என்னை ‘டீசல் கணக்குப்பிள்ளை’ன்னு எழுதினது மட்டும் அப்படியே இருக்கு. அதைத் தூக்குங்க, பேசுவோம்.